நாயனா பிள்ளையின் கச்சேரிகள்: காஞ்சிபுரம் காதில் வைத்திருந்த இசை

காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) கர்நாடக இசைப் பாடகர். லய நுட்பத்துக்கும் பல்லவி பாடுவதற்கும் பெயர் பெற்றவர். இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. அவர் மேடையேறிய காலத்தில் இசைத்தட்டு தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. அவருடைய தாயின் சகோதரியே இசைத்தட்டில் பாடியவர். ஆனால் நாயனா பிள்ளையின் பாட்டு ஒன்றுகூட பதிவாகவில்லை. அவர் குரல் எப்படி இருந்தது, ஒரு ராகத்தை எங்கே தொடங்கினார், எவ்வளவு நேரம் பாடினார் என்பதை இன்று கேட்டுச் சொல்ல வழியில்லை. இருந்தும் கர்நாடக இசை வரலாற்றில் அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. அந்தப் பெயர் நிலைத்ததற்கு ஒரே காரணம், அவர் பாடியபோது எதிரில் அமர்ந்து கேட்டவர்கள்தான்.

ஒரு கச்சேரியை நேரில் கேட்பதன் கிளர்ச்சி எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற கேள்விகளுக்குக் காஞ்சிபுரத்தின் இந்தக் கச்சேரிகள் தெளிவான சான்று தருகின்றன.

ஊரும் கச்சேரியும்

காஞ்சிபுரத்தைப் பட்டுக்கும் கோயில்களுக்கும் அறிந்த அளவுக்கு இசைக்கு அறிந்தவர்கள் குறைவு. சங்கீத மும்மூர்த்திகள் மூவருக்கும் இந்த ஊரோடு தொடர்பு உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் இங்கே தங்கியிருந்து, உபநிஷத் பிரம்மேந்திரர் இயற்றிய ராமாஷ்டபதிக்கு இசையமைத்தார். ஏகாம்பரநாதர் மீதான அவருடைய பைரவி ராகக் கிருதி பஞ்சபூத லிங்கக் கிருதிகளில் ஒன்று. தியாகராஜர் காஞ்சிக்கு வந்து வரதராஜர் மீதும் காமாட்சி மீதும் பாடினார். சியாமா சாஸ்திரி வழிபட்ட பங்காரு காமாட்சி காஞ்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட திருமேனி.

இவை பெரியவர்களின் வரலாறு. ஊர் மக்கள் இசை கேட்ட இடங்கள் வேறு. வைகாசியில் வரதராஜப் பெருமாளின் கருட சேவை, பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் கோயில் விழா, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு சந்நிதியின் புறப்பாடு என்று நாகஸ்வரமும் தவிலும் தெருவிலேயே ஒலித்தன. பெரிய காஞ்சிபுரத்திலும் சின்ன காஞ்சிபுரத்திலும் வசதியுள்ள வீடுகளின் கல்யாணங்களில் பாட்டுக் கச்சேரி நடந்தது. பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி நாற்காலியில் அமர்ந்து கேட்பது சென்னைச் சபாக்கள் பரப்பிய பழக்கம். கோயில் பந்தலிலும் கல்யாணப் பந்தலிலும் வாசலில் நின்றுகூட கேட்கலாம். பட்டுத்தறியின் இழைக் கணக்கையும் தாளக் கணக்கையும் இணைத்துப் பேசுவது காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுவோருக்கு எளிதாக வரக்கூடிய உவமை. அதை உவமையாக மட்டுமே கொள்ள வேண்டும். இந்த ஊரின் தாளக் கணக்கு வந்தது தறியிலிருந்து அல்ல, தவிலிலிருந்து.

தனகோடி அம்மாள் வீடு

நாயனா பிள்ளையின் தாய் காமாட்சி அம்மாள். அவருடைய சகோதரி தனகோடி அம்மாள். ‘காஞ்சிபுரம் தனகோடி’ என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்றிருந்த பாடகி இவரே. இசையையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட மரபில் வந்த குடும்பம். அந்த மரபின் பெண்கள் பொது மேடையில் பாடினார்கள்; தொடக்ககால இசைத்தட்டுகளிலும் பாடினார்கள். ‘நல்ல குடும்பத்துப் பெண்கள்’ என்று தம்மைக் கருதிக்கொண்ட வீடுகளில் பெண்கள் பாடக் கற்றாலும் வெளியே பாடக் கூடாது. இந்த இரண்டு நிலைகளும் பின்னால் ஒரே பந்தலில் சந்திக்கப்போவதால் இதை இங்கேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாயனா பிள்ளை இளமையில் உடற்பயிற்சியிலும் விளையாட்டிலும் பொழுதைக் கழித்து, சற்றுத் தாமதமாகவே பாட்டுக்குத் திரும்பினார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. திரும்பிய பிறகு அவர் தேர்ந்துகொண்ட பாதை வீட்டுப் பாணியிலிருந்து விலகியது. தாள வாத்தியக்காரர்களின் உலகத்தைப் பாட்டுக்குள் கொண்டுவருவதே அவருடைய நாட்டமாக இருந்தது. தியாகராஜரின் கிருதிகளைத் தேடித் தேடிப் பாடம் செய்தார். அருணகிரிநாதரின் திருப்புகழை அதன் சந்தங்களுக்குரிய தாளங்களில் மேடையில் பாடினார். இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பல்லவி.

முழுப் பக்கவாத்தியம்

இன்றைய கச்சேரி மேடையில் பாடகருடன் வயலின், மிருதங்கம், சில சமயம் கடமோ கஞ்சிராவோ இருக்கும். நாயனா பிள்ளையின் மேடை அப்படி இருக்கவில்லை. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று வரிசை நீண்டது. டோலக்கும் சேர்ந்ததுண்டு. இதற்கு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று பெயர் வந்தது. உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் பலர் சேர்ந்து அமர்ந்து வழக்கை விசாரிப்பதற்கு உரிய சொல் அது. கச்சேரி ரசிகர்களில் வக்கீல்கள் நிறையப் பேர் இருந்த காலத்தில் இந்தச் சொல் எளிதில் ஒட்டிக்கொண்டது. பொருத்தமும் இருந்தது. மேடையில் இருந்த தாள வாத்தியக்காரர்கள் பாடகருக்குத் துணை செய்தது மட்டுமல்ல, அவரை விசாரித்தும் பார்த்தார்கள்.

புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அவருக்குக் கஞ்சிரா வாசித்தார். உடும்புத் தோல் போர்த்திய, ஒரு கையில் பிடித்து மறு கையால் வாசிக்கும் இந்தச் சிறு வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் தட்சிணாமூர்த்தி பிள்ளையின் குரு மாமுண்டியா பிள்ளை. மன்னார்குடி பக்கிரிப் பிள்ளை கொன்னக்கோல் சொன்னார். தவில் வாசிப்பில் பழகிய அவர், தவிலின் சொற்கட்டுகளை வாயாலேயே சொல்லி மேடையில் தனி இடம் பெற்றார். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை வயலின். இவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கூட்டம் சேர்க்கக்கூடியவர்கள். இவர்களை ஒரே மேடையில் அமர்த்திப் பாடத் துணிவதற்குத் தாளத்தில் அசையாத பிடிப்பு வேண்டும்.

தனி ஆவர்த்தனம் இப்படிப்பட்ட மேடையில் ஒரு சுற்றாக அமைந்தது. மிருதங்கம் ஒரு கணக்கைச் சொல்லும். கஞ்சிரா அதை வாங்கி வேறு விதமாகத் திருப்பும். கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று அது வலம் வரும். ஒவ்வொரு சுற்றிலும் நேரம் பாதியாகக் குறைந்து, இறுதியில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோர்வையில் முடிப்பார்கள்.

எடுப்பு என்ற இடம்

இதில் கேட்பவருக்கு என்ன கிளர்ச்சி என்பதை விளக்கப் பல்லவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பல்லவி என்பது பெரும்பாலும் ஒரே வரி. அந்த ஒரு வரி ஒரு தாளச் சுற்றுக்குள் அமைக்கப்பட்டிருக்கும். வரி தொடங்கும் இடம் எடுப்பு. வரியின் நடுவில் சாகித்தியம் ஓய்ந்து நிற்கும் இடம் அருதி. இந்த இரண்டும் நகரக் கூடாது. வரியை இரட்டை வேகத்தில் பாடலாம், நான்கு மடங்கு வேகத்தில் பாடலாம், ஒரு துடிப்பை மூன்றாகப் பிரித்துத் திசிரத்தில் பாடலாம். எங்கே போனாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும். பிறகு அதே வரிக்குச் சுரம் பாட வேண்டும். சுரம் முன்கூட்டி எழுதி வைத்தது அல்ல.

ஒரு சிறு உதாரணம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்றால் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. பல்லவியின் எடுப்பு தாளம் தொடங்கி ஒன்றரை அட்சரம் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது 6 மாத்திரை தள்ளி. பாடகர் தாளத்தின் தொடக்கத்தில் ஒரு முத்தாய்ப்பைத் தொடங்கி, இரண்டு சுற்று தாண்டி எடுப்பில் போய் இறங்க வேண்டுமானால் 64 உடன் 6 சேர்த்து 70 மாத்திரையை நிரப்ப வேண்டும். ஒரே சுரக்கட்டை மூன்று முறை சொல்லி நடுவில் இரண்டு இடைவெளி விடுவது வழக்கம். கட்டுக்கு 22 மாத்திரையும் இடைவெளிக்கு 2 மாத்திரையும் வைத்தால் 66 உடன் 4, மொத்தம் 70. கட்டுக்கு 20, இடைவெளிக்கு 5 என்றாலும் 70. இதை ராகம் சிதையாமல், மூச்சு முட்டாமல், பாடிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும். ஆதி தாளத்திலேயே இப்படி என்றால், நாயனா பிள்ளை விரும்பிப் பாடிய கடினமான தாளங்களில் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

எதிரில் இருப்பவர் சும்மா இருப்பதில்லை. தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டும் வீச்சும் இரண்டு முறை என்று கையில் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். பாடகர் சுரத்தை எங்கோ தொலைதூரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். இடம் நெருங்குகிறது. வந்து சேர்வாரா, தவறிவிடுவாரா? கேட்பவர் கையும் பாடகரின் குரலும் மிருதங்கத்தின் அறையும் ஒரே புள்ளியில் விழும்போது பந்தலில் எழும் ‘பலே’ அதற்கு முன் இருந்த பதற்றத்தின் அளவுக்கே உரக்க இருக்கும்.

நேரில் கேட்பதற்கும் பதிவில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பதிவில் முடிவு முன்பே நடந்துவிட்டது. பாடகர் எடுப்பில் இறங்கியதால்தான் அது வெளியிடப்பட்டிருக்கிறது. நேரில் அப்படியல்ல. தவறக்கூடும் என்பது உண்மையாகவே சாத்தியம். நாயனா பிள்ளையின் கச்சேரியில் அந்தச் சாத்தியத்தை மேடையில் இருந்த அத்தனை தாள வாத்தியக்காரர்களும் பெருக்கினார்கள். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். அவருடைய பல்லவிக்கு ராகம் தொடங்குவதற்கே அது போதாது. அவர் இசைத்தட்டை நாடாமல் போனது இழப்புதான். ஆனாலும் அந்த வட்டத்துக்குள் அவருடைய கலையின் முக்கியமான பகுதி அடங்கியிருக்காது.

ஒலிபெருக்கிக்கு முன்

அக்காலக் கச்சேரிகளைப் படித்தறிபவர்கள் அடிக்கடி மறக்கும் செய்தி ஒன்று உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒலிபெருக்கி இல்லாமல் நடந்தன. பந்தலின் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். அதனால் ஆண் பாடகர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள். நான்கு கட்டை சாதாரணம். வயலினுக்கும் இதே சிக்கல். மைசூர் சௌடய்யா ஏழு தந்தி வயலினை உருவாக்கிக்கொண்டது பெரிய கூட்டத்தில் தன் வாசிப்பு கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஒலிபெருக்கி 1930களில் பரவியபின் தாழ்ந்த சுருதிக் குரல்கள் மேடையில் நிற்க முடிந்தது. பெண் குரல்களுக்கு இது பெரிய மாற்றம். மறுபக்கம், ஒலிபெருக்கி வந்தபின் கேட்பவர் முன்னால் சாய்ந்து, மூச்சடக்கிக் கேட்க வேண்டிய தேவை போயிற்று. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் ஒலிபெருக்கி இல்லாத கச்சேரிகளையே வலியுறுத்தினார். வாத்தியத்தின் நாதம் கருவி வழியாக வரும்போது மாறிவிடுகிறது என்பது அவர் கருத்து. அந்த வேண்டுகோள் எடுபடவில்லை. ஆயிரம் பேர் அமரும் அரங்குகள் வந்தபின் அது எடுபட வாய்ப்பும் இல்லை.

தியாகராஜ உற்சவம்

நாயனா பிள்ளை காஞ்சிபுரத்தில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்தினார். இந்த உற்சவத்துக்கு வெளியூர் வித்வான்கள் வந்து பாடினார்கள். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் சென்னைக்கோ தஞ்சாவூருக்கோ போகாமல் பெரிய வித்வான்களை அடுத்தடுத்துக் கேட்க முடிந்தது. ஒரு சிறிய ஊரின் செவிக்குப் பயிற்சி கிடைப்பது இப்படித்தான்.

அதே காலத்தில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் நடந்தது வேறு கதை. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று வித்வான்கள் இரண்டாகப் பிரிந்து தனித்தனியே ஆராதனை நடத்தினார்கள். இரு கட்சியிலும் பெண்கள் பாட இடம் இல்லை. தன் சொந்தப் பணத்தில் சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அங்கே பாட இடம் கொடுக்கவில்லை. அவர் 1927இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியே ஆராதனை தொடங்கினார். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1940களின் தொடக்கத்துக்குள் கட்சிகள் இணைந்தன.

கச்சேரியின் கிளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. யார் மேடையில் இருக்கலாம், யார் எதிரில் இருக்கலாம் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. எதிரில் அமர்வது மட்டும் ஓரளவுக்குத் திறந்திருந்தது.

பந்தலில் அமர்ந்த சிறுமி

காஞ்சிபுரத்தில் 1919இல் பிறந்தவர் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். தந்தை தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர். தாய் காந்திமதிக்கு நன்றாகப் பாட வரும். ஆனால் உறவினர் முன்னால்கூட அவர் பாடக் கூடாது என்பது குடும்ப வழக்கம்.

பட்டம்மாளுக்குக் குழந்தைப் பருவத்தில் முறையான குருகுலப் பயிற்சி அமையவில்லை. அவர் கச்சேரிகளுக்குப் போனார். உட்கார்ந்து கேட்டார். வீடு திரும்பியதும் கேட்ட கிருதிகளையும் ராகங்களின் முக்கியமான பிடிகளையும் நினைவிலிருந்து எழுதி வைத்தார். இதில் அவருடைய சகோதரர்கள் உதவினார்கள். பந்தலில் காதில் விழுந்ததை வழியிலேயே தொலைத்துவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அந்தப் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. திரும்பக் கேட்க வழியில்லை. ஒருமுறை பாடியதை ஒருமுறைதான் கேட்க முடியும். கேட்கும் திறனை இதைவிடக் கூர்மையாக்கும் பள்ளி இருந்திருக்க முடியாது.

எட்டு வயதில், நாயனா பிள்ளை நடத்திய போட்டியில் தியாகராஜரின் பைரவி கிருதி ஒன்றைப் பாடி அவர் முதல் பரிசு பெற்றார். பள்ளியில் அவருடைய பாட்டைக் கேட்டிருந்த தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாள், பட்டம்மாளுக்கு இசையில் மேற்பயிற்சி கிடைக்க வேண்டும் என்று தந்தையிடம் வற்புறுத்தினார். தந்தை தயங்கினார். பெண் வெளியே பாடினால் ஊர் என்ன சொல்லும், திருமணம் எப்படி நடக்கும் என்ற தயக்கம் அன்றைய சூழலில் கற்பனையானது அல்ல. கடைசியில் இணங்கினார். குடும்பம் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. பட்டம்மாள் 1930களின் தொடக்கத்தில் சென்னை மேடைகளில் பாடத் தொடங்கினார். அம்பி தீட்சிதர், டி. எல். வேங்கடராம ஐயர் ஆகியோரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைக் கற்றது பின்னால்.

அவருடைய தனி அடையாளமாக ஆனது பல்லவி. பெண்கள் கிருதிகளும் பதங்களும் பாடலாம், ராகம் தானம் பல்லவி ஆண்களுடையது என்று கருதப்பட்ட காலம். பிராமணக் குடும்பத்துப் பெண் பொது மேடையில் பாடுவதே புதிது. அந்தப் பெண் கடினமான தாளத்தில் பல்லவி பாடி, மூன்று காலமும் செய்து, சுரத்தில் எடுப்புக்கு வந்து இறங்கினார். ‘பல்லவி பட்டம்மாள்’ என்ற பெயர் இப்படி வந்தது. அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால் காஞ்சிபுரத்துப் பந்தல்தான் முதலில் நிற்கிறது. பெண்ணால் முடியாது என்று யாராவது சொல்வதற்கு முன்பே, அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

மேடையில் இருந்த தடைகள் அத்துடன் தீரவில்லை. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க முன்னணி மிருதங்க வித்வான்கள் பலர் முன்வரவில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்தார். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு வாசிக்கவில்லை. அவர் அந்த வழக்கத்தைக் கைவிட்டு வாசித்த முதல் பாடகி பட்டம்மாள். அதற்குள் இரு குடும்பங்களும் சம்பந்தியாகிவிட்டன. மணி ஐயரின் மகள் பட்டம்மாளின் மகனை மணந்தார். லயத்தின் மீது இருந்த மதிப்பு எவ்வளவு, உறவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது வீண். மியூசிக் அகாடமி பட்டம்மாளுக்குச் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியது 1970இல்.

வீணை தனம்மாளின் பேத்திகள்

வேறொரு திசையிலிருந்தும் காஞ்சிபுரத்துக்குப் பிள்ளைகள் வந்தார்கள். சென்னையில் வீணை தனம்மாளின் வீட்டு இசை நாயனா பிள்ளையின் இசைக்கு நேர் எதிர். மெதுவான நடை, நுட்பமான கமகம், சிறிய அறையில் கூடிய தேர்ந்த சில ரசிகர்கள். தாளச் சண்டைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் தனம்மாளின் பேத்திகள் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி மூவரும் நாயனா பிள்ளையிடம் கற்க அனுப்பப்பட்டார்கள். அபிராமசுந்தரி வயலினில் தேர்ந்தார்.

பதம், ஜாவளிகளுக்கு இணையற்றவர் என்று பின்னாளில் புகழப்பட்ட டி. பிருந்தாவின் தியாகராஜ கிருதிகளில் பல காஞ்சிபுரத்தில் பாடம் செய்தவை. அவருக்கு 1976இல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. பிருந்தா நிறையப் பேருக்குக் கற்றுக்கொடுத்தார், பதிவுகளும் இருக்கின்றன. நாயனா பிள்ளை பாடிய ஒரு கிருதி எந்த அமைப்பில் இருந்திருக்கும் என்று அறிய விரும்பும் மாணவருக்கு அணுகக்கூடிய வழிகளில் இது ஒன்று. ஆனால் பிருந்தாவின் குரலில் கேட்பது கிருதியின் வடிவம். ஃபுல் பெஞ்ச் மேடையின் ஆரவாரம் அதில் இல்லை.

பதிவு இல்லாத கலைஞர்

இசை வரலாற்றில் இப்படிப்பட்ட நிலை அரிதானதல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கார்னெட் வாசித்த பட்டி போல்டன் (1877–1931) ஜாஸ் இசையின் முன்னோடிகளில் ஒருவர். அவருடைய வாசிப்பும் ஒரு பதிவாகக்கூட எஞ்சவில்லை. அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் சொன்னதும் வாசித்ததுமே சான்று. அவருடைய ஊதல் மைல் கணக்கில் கேட்டது என்பது போன்ற கதைகள் அங்கே வளர்ந்தன. நாயனா பிள்ளையைப் பற்றியும் கதைகள் உண்டு. எந்தத் தாள வித்வானாலும் அவரை அசைக்க முடியவில்லை என்பது அவற்றின் சாரம். கதைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இருவர் விஷயத்திலும் கதையைவிட உறுதியான சான்று இருக்கிறது. கேட்டவர்கள் அதற்குப் பிறகு என்ன பாடினார்கள், என்ன வாசித்தார்கள் என்பதே அது.

ஃபுல் பெஞ்ச் கச்சேரிக்கு அக்காலத்திலேயே மறுப்பும் இருந்தது. கணக்கு மிகுந்து ராகத்தின் இனிமை அடிபடுகிறது, அத்தனை தாள வாத்தியங்களுக்கு நடுவில் பாட்டு அமுங்கிப்போகிறது என்ற குறை நியாயமானதுதான். நாயனா பிள்ளைக்கு ஒரு வயது இளையவரான அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரிப் பத்ததி வேறு வழியில் போனது. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கிருதிகள் பலவற்றைப் பாடி, பல்லவியை அளவோடு வைத்து, பின்பகுதியில் சிறு உருப்படிகளால் நிறைவு செய்வது. எல்லா வகை ரசிகருக்கும் அதில் ஏதோ ஒன்று கிடைத்தது. அதுவே வென்றது. இன்று சென்னையின் டிசம்பர் சீசனில் கேட்பது பெரும்பாலும் அந்த வடிவத்தின் சுருக்கம். கொன்னக்கோல் மேடையிலிருந்து ஏறத்தாழ மறைந்து, இப்போது லயப் பயிற்சியாகவும் தனி நிகழ்ச்சியாகவும் வெளிநாட்டு இசைக்கலைஞர்களிடையே ஆர்வமாகவும் திரும்பி வந்திருக்கிறது.

ஆனாலும் காஞ்சிபுரத்து முழு மேடை ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. நாயனா பிள்ளையுடன் பல ஆண்டுகள் மேடையில் சேர்ந்து பாடியவர் அவருடைய மாணவர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898–1975). குரு 1934இல் தம் நாற்பதுகளின் நடுவில் மறைந்தபின், அந்தப் பாணியைத் தனித்து எடுத்துச் சென்றவர் அவர். சங்கீத கலாநிதி பட்டம் அவருக்கு 1954இல் வந்தது. அவரிடம் கற்றவர் மதுரை சோமு. பட்டம்மாள் பிறந்த அதே 1919இல் பிறந்தவர். சோமுவின் மேடையில் மிருதங்கத்தோடு கடம், கஞ்சிரா, மோர்சிங், டோலக் என்று தாள வாத்தியங்கள் வரிசையாக அமர்ந்தன. தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களில் அவருடைய கச்சேரி நான்கு, ஐந்து மணி நேரம் நீளும். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாது. அவற்றில் பலவற்றை ரசிகர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அந்த நாடாக்களில் பாட்டோடு கூட்டத்தின் குரலும் சேர்ந்தே பதிந்திருக்கிறது.